கணனிப் பக்கம்: லினக்ஸ் கணனியில் வின்டோஸ் புறோகிராம்கள் ஓடுமா?



சென்ற இதழில் பழைய கணனி ஒன்றில் லினக்ஸ் போடுவது எப்படி என்று எழுதியிருந்தோம். அதற்குப் பிறகு கோயிலிலும் தமிழ்ப் பாடசாலை வாசலிலும் எம்மைக் கண்டவர்கள் கேட்டது அநேகமாக ஒரே கேள்விதான். "லினக்ஸ் போடலாம் தம்பி. ஆனால் எங்களிட்டை இருக்கிற வின்டோஸ் புறோகிராம்களை என்ன செய்யிறது?"

நியாயமான கேள்வி. இந்த இதழில் அதற்கே பதில் எழுதுகிறோம். நாங்கள் கணனி படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. ஓ.எல். உடன் படிப்பு நின்று, இங்கு வந்து பக்ரறியில் மெசினோடு நிற்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேராகக் கூடி, எம்மவரின் கணனிகளைத் திறந்து பார்த்துப் பழகியதைத்தான் எழுதுகிறோம். ஆகவே யாரும் பயப்படாமல் வாசிக்கலாம்.

முதலில், இந்தக் கேள்வி ஏன் இப்போது வருகிறது? வின்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொவ்ற் 2025 ஒக்ரோபர் 14 உடன் நிறுத்தியது. வின்டோஸ் 11 எல்லாக் கணனிகளிலும் ஏறாது. இன்ரெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சிப்பும், ரீபீஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இதனால் நன்றாக வேலை செய்யும் கணனிகள் கழித்து விடப்பட்டு, பழைய பொருட் கடைகளுக்கும் சந்தைகளுக்கும் மலிவாக வருகின்றன. புதிதாக வந்து வீடு எடுத்து, கட்டிலும் அடுப்பும் வாங்கிக் கை வெறுத்துப் போன குடும்பத்துக்கு அப்படியொரு கணனிதான் கட்டுப்படியாகும். அதில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

இன்னொரு வழியும் எம்மவர் மத்தியில் உலாவுகிறது. "ஐம்பது யூரோ தாருங்கோ, உடைத்த வின்டோஸ் போட்டுத் தாறம்" என்பார்கள். அந்த வழிக்குப் போகாதீர்கள். பூட்டை உடைத்துத் தருபவன் திறப்பின் பிரதியைத் தன்னிடம் வைத்திருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? உங்கள் கணனியில் இருப்பவை பாட்டும் படமும் மட்டுமல்ல. அகதி விண்ணப்பத்தின் முடிவு, கடவுச்சீட்டுப் பிரதி, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சி, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

இனி விசயத்துக்கு வருவோம்.

வின்டோஸ் புறோகிராமை லினக்ஸில் இரண்டு தரம் தட்டினால் அது சும்மா ஓடாது. ஏன்? புறோகிராம் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் வின்டோஸிடம் கேட்கிறது. "இந்தக் கோப்பைத் திற", "ஒரு சட்டம் கீறு", "இந்த எழுத்தைக் காட்டு" என்று அது கேட்பது வின்டோஸின் பாசையில். லினக்ஸுக்கு அந்தப் பாசை தெரியாது.

இங்கே நாம் எல்லோரும் அறிந்த நிலைமைதான் இது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிகாரி ஜேர்மன் மொழியில் கேட்கிறார், எமக்குத் தமிழ்தான் தெரியும். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அலுவல் நடக்கும். லினக்ஸில் அந்த மொழிபெயர்ப்பாளரின் பெயர் 'வைன்'. 1993 இல் தொடங்கப்பட்ட முயற்சி இது. அலெக்சாந்தர் ஜூலியார் என்பவர் 1994 முதல் அதனை வழிநடத்தினார். 1.0 என்ற முதலாவது நிலையான பதிப்பு 2008 யூனில்தான் வந்தது. பதினைந்து வருட உழைப்பு! இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது.

வைன் வின்டோஸின் பிரதி அல்ல. வைன் போடுவதற்கு வின்டோஸ் வாங்கத் தேவையில்லை. புறோகிராமுக்குள் இருக்கும் கணக்குகளைக் கணனியின் சிப் நேரடியாகவே செய்கிறது, கேள்விகளை மட்டும் வைன் மாற்றிக் கொடுக்கிறது. அதனால்தான் பழைய கணனியிலும் பெரும்பாலும் வேகம் குறையாமல் ஓடுகிறது. ஆனால் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாத சொல் வந்தால் என்ன நடக்கும்? அந்த இடத்தில் புறோகிராம் திக்கும், அல்லது விழுந்து போகும். வைனின் பலமும் பலவீனமும் இவ்வளவுதான்.

போடும் முறை: லினக்ஸ் மின்ற் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள சொவ்ற்வெயர் மனேஜரைத் திறந்து 'வைன்' என்று தேடிப் போடலாம். வேறு இடங்களில் இருந்து இறக்க வேண்டாம். முதல் தடவை ஓடும்போது 'மோனோ' என்ற ஒன்றை இறக்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். பிறகு உங்கள் வின்டோஸ் புறோகிராமின் 'செற்றப்' கோப்பின் மேல் மவுசின் வலப் பொத்தானை அழுத்தி, வைனால் திறக்கும்படி சொல்லுங்கள். வின்டோஸில் போடுவது போலவே கேள்விகள் வரும். போட்டு முடிந்ததும் பட்டியலில் அதன் பெயர் வந்துவிடும்.

பழைய புறோகிராம் மறுத்தால் 'வைன் கொன்பிகரேசன்' என்பதைத் திறந்து, வின்டோஸ் பதிப்பை எக்ஸ்பீ என்று மாற்றிப் பாருங்கள். கையால் இவற்றை மாற்றுவது கஷ்டமாக இருப்பவர்களுக்கு 'பொட்டில்ஸ்' என்ற இலவசப் புறோகிராம் உண்டு. அது ஒவ்வொரு வின்டோஸ் புறோகிராமையும் தனித்தனிப் போத்தலில் அடைத்து வைப்பது போல வைக்கும். ஒன்று பழுதானால் மற்றது கெடாது.

எமது அனுபவத்தில் ஒன்று. ஒரு அக்கா பீ1 சோதனைக்குப் படிக்கிறா. யாரோ கொடுத்த பழைய ஜேர்மன் பாடப் புத்தகத்தோடு ஒரு இறுவட்டும் இருந்தது. தெரிந்தவரின் வின்டோஸ் 11 கணனியில் போட்டால் "இது இங்கே ஓடாது" என்றது. லினக்ஸில் வைன் மூலம் ஓடியது! இதில் அதிசயம் இல்லை. 1990களின் முற்பகுதியில் வந்த புறோகிராம்கள் பல 16 பிற் வகை. இன்றைய 64 பிற் வின்டோஸ் அவற்றை ஏற்பதில்லை, வைன் ஏற்கிறது. அந்த அக்கா இப்போது இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு காதில் கருவியை மாட்டிக்கொண்டு சொற்களைத் திருப்பிச் சொல்லிப் பழகுகிறா. குடியுரிமைக்குக் கேட்பதும் பீ1 தானே.

இனி, ஓடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மைக்ரோசொவ்ற் ஒபிஸின் புதிய பதிப்புகள் வைனில் ஒழுங்காக ஓடும் என்று நம்பியிருக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் போர்ட்நைற், வலோரன்ற் போன்றவை லினக்ஸில் ஓடுவதில்லை, அவற்றின் களவு பிடிக்கும் பகுதி இடம் கொடுப்பதில்லை. ஆனால் 'ஸ்ரீம்' கடையில் வாங்கும் விளையாட்டுகள் பல ஓடுகின்றன. வைனை அடிப்படையாக வைத்து வால்வ் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட 'புறோட்டன்' அதற்கு உதவுகிறது. பிறின்ரருக்கான வின்டோஸ் இறுவட்டை வைனில் போட்டுப் பிரயோசனமில்லை, லினக்ஸ் தன் வழியிலேயே பிறின்ரரைக் கண்டுபிடிக்கும்.

எந்தப் புறோகிராம் ஓடும் என்று முன்கூட்டியே அறிய வைனின் இணையத்தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பாவித்தவர்களே பிளாற்றினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், குப்பை என்று தரம் போட்டிருப்பார்கள். தங்கம் வரை என்றால் துணிந்து போடுங்கள்.

வைனில் ஓடாத ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால், 'வேர்சுவல்பொக்ஸ்' இருக்கிறது. வைன் மொழிபெயர்ப்பாளர் என்றால், இது உங்கள் வீட்டில் ஒரு அறையை வின்டோஸுக்கு வாடகைக்குக் கொடுப்பது போன்றது. கணனிக்குள் இன்னொரு கணனி. அந்த அறைக்குள் முழு வின்டோஸும் இருப்பதால் அநேகமானவை ஓடும். ஆனால் அதற்கு முறையான வின்டோஸ் அனுமதி வேண்டும். வின்டோஸ் 11 தனக்கு மட்டும் 4 ஜீபீ நினைவகமும் 64 ஜீபீ இடமும் கேட்கும். கணனியில் 8 ஜீபீ இற்குக் குறைவாக நினைவகம் இருந்தால் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைக் கவனியுங்கள். பல வேளைகளில் வைனே தேவைப்படாது. வேலை விண்ணப்பம் எழுதி, பீடீஎப் ஆக மாற்றி அனுப்ப லிப்ரே ஒபிஸ் போதும். வருமான வரிக்கு முன்னர் 'எல்ஸ்ரர் போர்முலார்' என்ற வின்டோஸ் புறோகிராம் இருந்தது, 2019 ஆம் வரி ஆண்டோடு அது முடிந்தது. இப்போது 'மைன் எல்ஸ்ரர்' என்ற இணையத்தளத்திலேயே நிரப்பலாம். ஜேர்மன் படிக்க 'வீ-ஹா-எஸ் லேர்ன்போர்ட்டால்' இலவசமாக இருக்கிறது. இவை எல்லாம் பயர்பொக்ஸில் திறக்கும்.

எமது பாமினி எழுத்துக் கடிதங்களும் அப்படித்தான். ஊரிலிருந்து வந்த கடிதமோ, அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டோ லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு பழுதாகவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பாமினி எழுத்துருக் கோப்பை யூஎஸ்பியில் கொண்டு வந்து, இரண்டு தரம் தட்டி, 'இன்ஸ்ரோல்' என்பதை அழுத்துங்கள். தமிழ் வந்துவிடும். புதிதாக எழுதுபவர்கள் யூனிகோட்டில் எழுதுங்கள். தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸிலேயே இருக்கிறது.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று: "லினக்ஸில் வைரஸ் வராது" என்று எண்ணி, மின்னஞ்சலில் வரும் எந்த வின்டோஸ் கோப்பையும் வைனில் திறக்காதீர்கள். சாதாரணமாகப் போட்ட வைன், வின்டோஸ் புறோகிராமுக்கு 'இசட்' என்ற பெயரில் ஒரு வட்டைக் காட்டும். அதன் வழியாக உங்கள் கோப்புகளை அது வாசிக்கலாம், அழிக்கவும் செய்யலாம். மொழிபெயர்ப்பாளர் கள்ளன் சொல்வதையும் அப்படியே மொழிபெயர்ப்பார் அல்லவா?

இரண்டு: வின்டோஸை அழிப்பதற்கு முன் ஒரு கடதாசி எடுத்து, வீட்டில் யார் யார் என்ன புறோகிராம் பாவிக்கிறார்கள் என்று எழுதுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள். பாடசாலை ஏதாவது குறிப்பிட்ட புறோகிராமைக் கட்டாயப்படுத்துகிறதா என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே லினக்ஸில் உண்டா, இணையத்தில் உண்டா, வைனில் ஓடுமா, அறை வாடகைக்கு வேண்டுமா என்று குறியுங்கள். பத்திரங்களையும் படங்களையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து, அந்த வட்டை வேறு கணனியில் திறந்து பார்த்த பிறகே அழியுங்கள். ஊரில் எரிந்த பத்திரங்களுக்கே இங்கு விளக்கம் சொல்லிக் களைத்துப் போனோம். இங்கும் ஒரு தரம் இழக்க வேண்டாம்.

அந்தக் கடதாசி பெரிய இடங்களுக்கும் பொருந்தும். மூனிச் நகரசபை 2003 இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து ஏறக்குறைய 15,000 கணனிகளை மாற்றியது. 2017 இல் திரும்பவும் வின்டோஸுக்குப் போகத் தீர்மானித்தது. வின்டோஸில் மட்டும் ஓடிய அலுவலகப் புறோகிராம்கள் அவர்களுக்கும் பெரிய தலையிடியாக இருந்தன. எமது வீட்டில் ஒரு கணனி. ஒரு கடதாசியில் முடியும் வேலை.

அடுத்த இதழில் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்குத் திறந்து கொடுப்பது பற்றி எழுதுவோம். கடதாசியில் எழுதியதில் விடை தெரியாதவை இருந்தால் எமக்கு எழுதி அனுப்புங்கள். புறோகிராமின் பெயரையும், அது வந்த வருடத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.