தேடத் தெரிந்த பிள்ளை



தரம் எட்டில் படிக்கும் மகள் கைத்தொலைபேசியோடு வந்து நிற்கிறாள். "உம்மா, சுனாமி பற்றி ஒப்படை எழுத வேண்டும். ஒரு இடத்தில் இலங்கையில் 31 ஆயிரம் பேர் என்று இருக்கிறது. இன்னொரு இடத்தில் 35 ஆயிரம் பேர் என்று இருக்கிறது. எது பொய்?" என்று கேட்கிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? "எனக்கென்ன தெரியும், டீச்சரிடம் கேள்" என்று அனுப்பிவிடாதீர்கள்.

இரண்டும் பொய்யல்ல. 2004 டிசம்பர் 26இல் வந்த அந்த அலையில் நம் நாட்டில் இறந்தவர்கள் 31,229 பேர், காணாமற் போனவர்கள் 4,093 பேர் என்பது கணக்கு. இரண்டையும் கூட்டினால் 35,322. ஓர் எண்ணைக் கண்டால், அது எதை எண்ணிய எண் என்று பார்க்க வேண்டும். இதுதான் முதற் பாடம்.

இரண்டாவது, தேடும் சொல். வெறுமனே "சுனாமி" என்று போட்டால் 2011இல் ஜப்பானில் வந்ததும் சேர்ந்து வரும். "சுனாமி 2004 கல்முனை" என்று போட்டால் வலை சுருங்கும். கிடைக்காவிட்டால் "கடல்கோள்", "ஆழிப்பேரலை" என்று சொல்லை மாற்றிப் பார்க்கட்டும். சொற்கள் அதே வரிசையில் வர வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் இடட்டும்.

மூன்றாவது, முதலில் வருவதெல்லாம் முதல்தரமல்ல. மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். இயந்திரம் எழுதிய சுருக்கமாகவும் இருக்கலாம். அதுவும் பிழை விடும். எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார் என்று பார்த்து, இன்னோர் இடத்திலும் ஒப்பிட்ட பிறகே கொப்பியில் எழுத வேண்டும்.

தமிழில் ஒன்றுமில்லை என்று பிள்ளை சலித்துக்கொண்டால், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைக் காட்டுங்கள். இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. பாடப் புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும் எடுக்கலாம்.

இவற்றைச் சொல்லிக் கொடுக்க நீங்கள் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குகிறீர்களா? அந்தப் பழக்கம் போதும்.

கடைசியாக ஒன்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அலை கொண்டுபோனது. அன்று காலை உங்கள் ஒழுங்கையில் நடந்தது எந்தத் தளத்திலும் இல்லாமலிருக்கலாம். அதை உம்மம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். சொன்னவர் பெயரையும், கேட்ட திகதியையும் ஒப்படையின் அடியில் குறிக்கச் சொல்லுங்கள். நாளை வேறொரு பிள்ளை தேடும்போது அது கிடைக்கட்டும்.