குழந்தையின் நடைக்கு ஏற்ப

சென்ற பொங்கல் விடுமுறையில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்றுடன் செண்பகத்தோப்புக்குச் சென்று வந்தோம். அன்றே இதை எழுத எண்ணினோம். ஆயினும் கை கூசியது. காரணம், அன்று நேர்ந்த பிழையில் பெரும்பங்கு நம்முடையது. இப்போது கோடை விடுமுறை நெருங்குகிறது. வேன்களும் கார்களும் அமர்த்தப்படுகின்றன. இனியும் எழுதாமல் இருப்பது முறையன்று.

அந்த இல்லத்து மூத்த மகன் பல ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குச் சென்றவர். அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரில் மனைவியுடன் குடியிருக்கிறார். இரண்டரை வயதில் ஒரு மகள். பேத்தியைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்துவந்த அப்பத்தாவுக்கு, அவளை மடியில் வைத்துக் கொஞ்சும் பேறு இந்தப் பொங்கலுக்குத்தான் வாய்த்தது. பேத்தியை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும், பேத்திக்கு ஊரையெல்லாம் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாமன்மார், அத்தைமார், அவர்தம் மக்கள் எனப் பதினாறு பேர் கூடிவிட்டனர். “சாமி, நீங்களும் வரணும்” என்று அப்பத்தா நேரில் வந்து அழைத்தபோது மறுக்க மனம் வரவில்லை.

மாமன் ஒருவர் அன்றைய திட்டத்தைக் காகிதத்தில் எழுதியே வைத்திருந்தார். காலையில் செண்பகத்தோப்பு, நண்பகலில் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் ஆறு, மாலையில் குற்றாலம், இரவு வீடு. பதினாறு பேரின் விருப்பமும் அக்காகிதத்தில் இருந்தது. பதினேழாவது ஆளாகிய குழந்தையை யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

வேன் புறப்படுமுன்பே ஒரு சிறு பூசல். குழந்தையின் தந்தை, வாடகைக்கு எடுத்திருந்த தம் காரில் பட்டைகள் வைத்த குழந்தை இருக்கை ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதை அவர் பெர்த்திலிருந்து விமானத்தில் கொண்டு வந்திருக்கிறார்! அப்பத்தாவுக்குச் சினம் பொங்கிவிட்டது. “நாலு பிள்ளைகளை மடியில் வைத்து வளர்த்தவள் நான். என் மடியைவிட அந்தப் பிளாஸ்டிக் கூடை உசத்தியா?” என்றார். அவர் கேள்வியின் பின்னால் இருந்தது அன்புதான். ஆனால் விரைந்து செல்லும் வண்டி எதிலேனும் மோதி நின்றுவிட்டால், மடியிலுள்ள குழந்தை வண்டியின் வேகத்தோடேயே முன்னால் பாய்கிறது. பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளை அந்த நொடியில் பல மடங்கு கனத்துவிடுகிறது. எத்துணை அன்புள்ள கைகளாலும் பிடித்து நிறுத்த இயலாது. ஆஸ்திரேலியாவில் ஏழு வயது வரை இத்தகைய இருக்கை சட்டப்படி கட்டாயம். நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வார்ப்பட்டையோ தக்க இருக்கையோ இன்றிக் காரில் ஏற்றிச் செல்வோர்க்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

நம் மக்களில் பலர் செண்பகத்தோப்புக்குச் செல்வது மோட்டார் சைக்கிளில். பெட்ரோல் தொட்டியின்மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, அவர் கையில் சோற்றுத் தூக்கு. இதைக் கோயில் வாசலில் ஞாயிறுதோறும் பார்த்தும் நாம் பேசாதிருந்தோம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தைக்குத் தலைக்கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று மைய அரசு 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விதி வகுத்தது. பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பட்டுப்பாவாடை எடுக்கும் நாம் ஒரு தலைக்கவசம் எடுக்கலாகாதா?

பூசல் ஒருவாறு தீர்ந்தது. குழந்தை தன் இருக்கையில். அருகில் அப்பத்தா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. முன்னிருக்கையில் நாம். வழிநெடுக அந்த இளைஞர் தாம் மேற்கொண்ட பயணத்தைச் சொல்லிவந்தார்.

ஆஸ்திரேலியாவைச் சுற்றிக் கடலோரமாகவே ஒரு நெடுஞ்சாலை செல்கிறது. அதன் முழு நீளம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் என்றார். முழுவதையும் சுற்றிவரும் எண்ணத்தைக் கைவிட்டு, பெர்த்திலிருந்து தெற்குக் கரையிலுள்ள அடிலெய்டு வரை, சுமார் 2,700 கிலோமீட்டர், காரில் சென்றிருக்கிறார்கள். சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்லும் தொலைவைவிட அதிகம்! இடையில் நல்லர்போர் என்னும் மரமற்ற சமவெளி. ஓரிடத்தில் சாலை 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகக் கிடக்கிறதாம். நம் ஊரிலிருந்து திருநெல்வேலியையும் தாண்டிச் செல்லும் தொலைவுக்கு ஒரு வளைவுகூட இல்லாத சாலையை நம்மால் கற்பனை செய்யவும் கூடவில்லை.

“பெரியவர்கள் மட்டும் என்றால் மூன்று நாளில் போய்விடுவார்கள், ஃபாதர். எங்களுக்கு எட்டு நாள் ஆயிற்று” என்றார். களைப்பில் உறங்கிச் சாலையில் சாவோர் மிகுதி என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இளைப்பாறும்படி அந்நாட்டில் வற்புறுத்துகிறார்கள். விடுமுறை நாள்களில் தொண்டர்கள் வழியோரத்தில் நின்று ஓட்டுநர்களுக்குத் தேநீர்கூடக் கொடுப்பதுண்டு. இவர்களோ குழந்தைக்காக ஒன்றரை மணிக்கொருமுறை நின்றார்கள். செடுனா என்ற ஊரின் சோதனைச் சாவடியில் பழ ஈ பரவாதிருக்கும் பொருட்டுக் கையிலிருந்த ஆப்பிள்களை வாங்கிக்கொண்டார்களாம். கடித்துக்கொண்டிருந்த பழத்தைப் பறிகொடுத்த மகள் அரை மணி நேரம் அழுதாளாம். அதற்கு முன்னரே, கரையோரத்துக்கு வரும் பெரிய திமிங்கிலங்களைக் காண்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கியிருந்தார்கள். கடலில் தாயும் கன்றுமாகத் திமிங்கிலங்கள் புரண்டுகொண்டிருக்க, மகள் பார்த்துக்கொண்டிருந்தது பார்வை மேடையின் பலகைகளுக்கிடையே சென்ற எறும்புகளை. “முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு நானும் உட்கார்ந்து எறும்பைப் பார்த்தேன்” என்றார் தந்தை.

இதைக் கேட்டுக்கொண்டே செண்பகத்தோப்பை அடைந்தோம். அறியாதவர்க்காக ஒரு வார்த்தை: ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது இவ்விடம். மாந்தோப்புகள், புளியமரங்கள், ஓடை, அதன் மேலே மீன்வெட்டிப் பாறை அருவி, பளியர் குடியிருப்பு. இங்குள்ள சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காகவே 1988-இல் இம்மலைப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து, இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகமாயிற்று; பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். ஆகவே நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போக முடியாது. வனத்துறையினர் அனுமதிக்கும் இடம்வரைதான். அந்தக் கட்டுப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஏற்பவர்களை அன்றும் கண்டோம்.

வனக்காவலர் ஒருவர் குழந்தையைக் கண்டதும் நம்மிடம் தனியாக வந்து சொன்னார்: “இங்கே வெயில் அடிக்கும், சாமி. மேலே மழை கொட்டும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, உடனே கரையேறிவிடுங்கள். சாமான் எடுக்க நிற்காதீர்கள்.” அச்சுறுத்துவதற்காகச் சொன்னதன்று அது. 2015-ஆம் ஆண்டு மே மாதம் இதே மலைத்தொடரில் சதுரகிரியில் திடீரெனப் பெருகிய காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் பலரை வாரிச் சென்றது. 2024-ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில், குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் நொடிப்பொழுதில் வெள்ளம் பாய்ந்து பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனைப் பலிகொண்டது. இரண்டுமே நாம் விடுமுறைக்குச் செல்லும் மே மாதத்தில்.

குழந்தை ஓடையைக் கண்டதும் கூவினாள். ஆயின் அவளை முழுமையாக ஆட்கொண்டது அணில். உயர்ந்த மரமொன்றின் கிளையில் அது படுத்திருந்தது. உடலின் நீளத்துக்குக் குறையாத அதன் வால், காயப்போட்ட துணிபோலத் தொங்கிற்று. மரத்துக்கு மரம் கிளைவழியே தாவிச் செல்வது அதன் இயல்பு. தரைக்கு இறங்குவது அரிது. கிளைகள் ஒன்றையொன்று தொடுமளவுக்கு மரங்கள் நெருங்கியிருந்தால்தான் அதற்கு வழி உண்டு. பெரியவர்கள் பார்த்து, படமெடுத்து, இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிட்டார்கள். குழந்தை நகரவில்லை. அவள் கையைப் பிடித்திருந்தவர் நாம்.

அப்போது மாமன் கடிகாரத்தைப் பார்த்து, “மணி பதினொன்று, சாமி! அய்யனார் கோயிலுக்கு நேரமாயிற்று” என்றார். உணவுப் பாத்திரங்களை எடுத்து வைக்கும் பரபரப்பு. குரங்கொன்று ஒரு பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஓட, எல்லாரும் கூச்சலிட்டனர். நாமும் திரும்பிப் பார்த்தோம். எப்போது கையை விட்டோம் என்பது இன்றும் நினைவில் இல்லை. அருகில் அப்பத்தாவின் புடவைத் தலைப்புத் தெரிந்தது. அவரிடம் போய்விட்டாள் என்று எண்ணிக்கொண்டோம். அப்பத்தாவோ, பிள்ளை சாமியிடம் இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தார். தாய், அப்பத்தாவிடம் என்று நினைத்தாள். தந்தை, தாயிடம் என்று நினைத்தார். வேனில் ஏறும்போதுதான், “பாப்பா எங்கே?” என்று ஒரு குரல் எழுந்தது.

எருசலேம் திருவிழாவிலிருந்து திரும்பும் வழியில் பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமற்போக்கிய நிகழ்ச்சியைப் பற்றி எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுவாகச் சென்றதால், பிள்ளை அங்கே இருப்பான் என்று இவரும், இங்கே இருப்பான் என்று அவரும் எண்ணியிருக்கக்கூடும் என விளக்கவுரையாளர் சிலர் கூறுவதையும் எடுத்துரைத்திருக்கிறோம். இருவர் மட்டும் சென்றிருந்தால் முதற்கல் தொலைவிலேயே தெரிந்திருக்கும். உறவினர் கூட்டம் பெரிதாக இருந்ததால்தான் ஒரு நாள் பயணத் தொலைவு வரை தெரியவில்லை. கூட்டம் பெருகப் பெருகப் பிள்ளைக்குக் காவல் பெருகும் என்ற நம் எண்ணம் எத்துணைத் தவறானது என்பதை, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடைக்கரையில் ஓடியபோது அறிந்தோம். பதினாறு பேர் பார்த்துக்கொள்ளும் குழந்தையை ஒருவரும் பார்ப்பதில்லை.

பத்து நிமிடம் இருக்கும். அணில் இருந்த மரத்துக்கு அடுத்த புளியமரத்தின் பின்புறம், ஓடைக்கு இருபதடி தள்ளிக் குழந்தை அமர்ந்திருந்தாள். அணில் அம்மரத்துக்குத் தாவியதால் இவளும் போயிருக்கிறாள். அவளுக்கும் ஓடைக்கும் நடுவில், தலைச்சுமையாகக் கொணர்ந்த சுள்ளிக்கட்டை இறக்கிவைத்துவிட்டுப் பளியர் மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். “ஏன் அம்மா, ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?” என்று தாய் அழுதுகொண்டே கேட்டாள். “சத்தம் போட்டால் பிள்ளை மிரண்டு தண்ணிப் பக்கம் ஓடும். அதான் குறுக்கே உட்கார்ந்தேன். தேடிக்கிட்டு வருவீங்கன்னு தெரியும்” என்றார் அவர். நாங்கள் பதினாறு பேரும் அதுவரை பிள்ளையின் பெயரை உரக்கக் கத்திக்கொண்டு ஓடையோரமாகவே ஓடியிருந்தோம்.

குழந்தையின் தந்தை மாமனை நோக்கி, “மாமா, இன்றைக்கு அய்யனார் கோயிலும் வேண்டாம், குற்றாலமும் வேண்டாம்” என்றார். மாமன் மறுமொழி சொல்லாமல் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பாய் மீண்டும் விரிக்கப்பட்டது. தாய் ஓர் ஏற்பாடு செய்தாள்: ஒரு மணி நேரத்துக்கு ஒருவர், பிள்ளையை மற்றவரிடம் ஒப்படைக்கும்போது, “இனி உங்கள் பொறுப்பு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர் “சரி” என்று சொல்லும்வரை கையை விடக்கூடாது. அவர்கள் அந்த நீண்ட சாலையில் வண்டியை மாறி மாறி ஓட்டியபோது கைக்கொண்ட முறையாம் அது. இவ்வளவு எளிய காரியம் நமக்குத் தோன்றவில்லையே!

ஆதியாகமத்தில் ஒரு சிறு பகுதி உண்டு. ஞாயிறு வாசகங்களில் வராததால் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பல்லாண்டுப் பிரிவுக்குப்பின் சந்தித்த அண்ணன் ஏசா, “வா, சேர்ந்தே போகலாம்” என்று அழைக்கிறான். தம்பி யாக்கோபு உடன் செல்லவில்லை. பிள்ளைகள் இளையவர்கள், மந்தையில் பால்குடிக்குட்டிகள் இருக்கின்றன, ஒரு நாள் விரைந்து ஓட்டினாலும் மந்தை மடியும். ஆதலால் நீ முன்னே போ, நான் குழந்தைகளின் நடைக்கு ஏற்ப மெல்ல வருகிறேன் என்கிறான். வல்லமை மிக்க அண்ணனிடம், அதுவும் நானூறு ஆட்களோடு வந்து நிற்பவனிடம், அப்படிச் சொல்ல அவனுக்குத் துணிவு இருந்திருக்கிறது. கடிகாரத்தோடு நின்ற மாமனிடம் அதைச் சொல்ல நமக்கு இல்லாமற்போயிற்று.

பிற்பகல் மூன்று மணிவரை அந்தப் புளியமர நிழலிலேயே இருந்தோம். குழந்தை பருப்புச் சாதம் உண்டு உறங்கினாள். மூதாட்டியும் எங்களோடு உணவருந்தி, எந்த மரத்தில் அணில் கூடு கட்டும், எந்தக் காயை அது கொறிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தைமார் தம் பழைய கதைகளைப் பேசினர். மாமன் பாயில் சாய்ந்து குறட்டை விட்டார். திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கியதோடு சரி. காரில் அப்பத்தா தாமே முன்வந்து இருக்கையின் பட்டையைப் பூட்டினார். பூட்டத் தெரியாமல் இருமுறை தவறி, மகனைக் கேட்டு, மூன்றாம் முறை சரியாகப் பூட்டினார்.

மறுநாள் ஞாயிறு. திருப்பலி முடிந்து வாசலில் நின்றவர்கள் குழந்தையைச் சூழ்ந்துகொண்டு, “செண்பகத்தோப்பில் என்ன பார்த்தே, பாப்பா?” என்று கேட்டார்கள். அணில் என்பாள், அருவி என்பாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவள் நம்மைச் சுட்டிக்காட்டி, “சாமி ஓடினாங்க!” என்றாள்.