வழுக்கி விழுவது யார் பிழை?

ஆனைக்கும் அடி சறுக்கும் என்னும் பழமொழியை நம்மவர் அடிக்கடி எடுத்தாளுவர். விழுந்தவனுக்கு அஃது ஓர் ஆறுதலே. ஆயினும், அவ்வானை எத்தகைய தரையிற் சறுக்கிற்று என்று வினவுவாரைக் காணோம். ஒருவன் வழுக்கி விழுந்தால் கண்டோர் நகைப்பர்; அல்லது, "பார்த்து நடக்கலாகாதா?" என்று கடிந்துகொள்வர். அதனோடு அவ்விஷயம் முடிந்துபோம். தரையோ இருந்தபடியே இருந்து, அடுத்தவன் வரவை எதிர்நோக்கும்.

இஃது அற்ப காரியமன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கின்றனர். உயரத்தினின்று வீழ்ந்தோரும் இத்தொகையில் அடங்குவர். மருத்துவ உதவி வேண்டுமளவிற்குக் காயம் நேரும் வீழ்ச்சிகளோ 3 கோடியே 73 இலட்சம். மாண்டோருள் அறுபது வயது கடந்தவரே மிகுதி.

விழுதலின் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். நடக்குங்கால் குதிகால் முதலில் தரையைத் தொடுகின்றது. அப்போது பாதத்திற்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வே காலை நிலைநிறுத்துகின்றது. நீரோ, சோப்பு நுரையோ, எண்ணெயோ இடையில் மெல்லிய படலமாய்ப் பரவியிருப்பின், உராய்வு குன்றிக் குதிகால் முன்னே வழுக்க, உடல் பின்புறமாய்ச் சாய்கின்றது. மாடிப்படியில் நிகழ்வது வேறு. முதலிரண்டு படிகளின் உயரத்தைக் கால் தானே பழகிக்கொண்டு, ஏனையவும் அங்ஙனமே இருக்குமென்று நம்பிச் செல்லும். ஒரு படி மட்டும் அரை அங்குலம் உயர்ந்திருப்பினும் கால் இடறுகின்றது. அடிதோறும் தரையை நோக்கி நடப்பார் உலகில் இல்லை. ஆதலின், கவனம் ஒன்றையே காவலாகக் கொள்வது பேதைமையாம்.

மாணாக்கர் கைப்பேசியிற் கண்ணை வைத்தபடி படியிறங்குவதையும், மணியடித்ததும் முண்டியடித்து ஓடுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. அவை திருந்தவேண்டிய வழக்கங்களே. ஆனால், நிதானமாய் நடக்கும் முதியவரும் அதே இடத்தில் விழுவாராயின், பிழை யாருடையது? முதுமையில் எலும்பு நலிவுறுவதால், சிறு வீழ்ச்சியிலும் தொடையெலும்பின் கழுத்து முறிதல் கூடும். அங்ஙனம் முறிந்தோருட் பலர் பழைய நடையை மீண்டும் பெறுவதில்லை. தரை கழுவும் பணியாளரையும் ஈண்டு நினைக்கவேண்டும். நாம் ஒரு கணத்திற் கடந்துபோகும் ஈரத்தில் அவர்கள் நெடுநேரம் நின்று உழைக்கின்றனர்.

பரிகாரங்கள் அரியன அல்ல. பெரும் பொருட்செலவும் வேண்டா. தாழ்வாரங்களை வகுப்பு மாறும் வேளையிற் கழுவாது, மாணாக்கர் வருமுன்னரோ சென்றபின்னரோ கழுவலாம். இடையிற் கழுவ நேரின், ஒரு பாதியை உலர்ந்த வழியாக விட்டுவைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முற்றத்திலும் குழாயடியிலும் படரும் பாசியை அவ்வப்போது தேய்த்து அகற்றலாம். குளியலறைக்குப் பளபளக்கும் கல்லைத் தவிர்த்துச் சொரசொரப்பான கல்லைப் பதிக்கலாம். படிகளின் விளிம்பில் வெள்ளைக் கோடும், பக்கத்திற் கைப்பிடியும், இரவில் விளக்கும் அமைத்தல் இன்றியமையாதது. பெயர்ந்த கல்லையும் குறுக்கே கிடக்கும் மின்கம்பியையும் தாண்டிச் செல்லப் பழகுதல் திறமையன்று. நாம் பழகிக்கொண்ட அக்குழி, புதிதாய் வரும் விருந்தினரை அறியாதே!

இன்னும் ஒன்று கூறுவோம். ஒவ்வொரு கல்லூரியிலும் விடுதியிலும் ஒரு குறிப்பேடு வைத்தல் நலம். விழுந்தவர் பெயரை அதில் எழுதவேண்டியதில்லை. விழுந்த இடமும், அப்போது தரையிருந்த நிலையும் எழுதப்பட்டாற் போதும். ஓரிடத்தில் ஒருவர் விழுந்தால் அதைத் தற்செயல் எனலாம். அவ்விடத்திலேயே இரண்டாமவரும் விழுவாராயின், அது நிர்வாகத்தாரின் அசிரத்தையும், கண்டும் வாளாவிருந்த நம் அனைவரின் அசிரத்தையுமே ஆகும். விழுந்தவரைத் தூக்கிவிடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. விழச்செய்த தரையையும் திருத்துதல் வேண்டும்.