ஒரே மருந்து, ஒரே அளவு... ஒரு குழந்தைக்கு நிவாரணம், இன்னொரு குழந்தைக்கு ஆபத்து! கோடீன் விஷயத்தில் மரபணு செய்யும் வேலை என்ன?

டான்சில் ஆபரேஷன் முடிந்த குழந்தைகளுக்கு வலி குறைய பல நாடுகளில் சாதாரணமாகக் கொடுக்கப்பட்ட மருந்து கோடீன். ஆனால், டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தும் சில குழந்தைகள் மூச்சு அடங்கி இறந்தனர். 2012-ல் இதுபற்றி எச்சரித்த அமெரிக்காவின் எஃப்.டி.ஏ, 2017-ல் 12 வயதுக்குட்பட்டோருக்கு கோடீன் கொடுக்கவே கூடாது என்றது.

அளவு சரி, அப்புறம் ஏன் ஆபத்து?

கோடீன் நேரடியாகப் பெரிதாக வலியைக் குறைக்காது. கல்லீரலில் உள்ள 'சிஒய்பி2டி6' என்ற என்சைம் அதை மார்ஃபினாக மாற்றும். அந்த மார்ஃபின்தான் வலியைக் குறைக்குது. இந்த என்சைமை உருவாக்கும் மரபணு பொதுவாக அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என 2 பிரதிகள் வரும். சிலருக்கு 3 அல்லது அதற்கு மேலும் இருக்கும். அவர்கள் உடலில் மார்ஃபின் வேகமாக, அதிகமாக உருவாகி மூச்சைக் குறைத்துவிடும். எத்தியோப்பியர்களில் 29 சதவீதம் வரை இந்த வகையினர். சீனா, ஜப்பானில் சுமார் 1 சதவீதம்தான்.

சிலருக்கு இந்த என்சைம் வேலையே செய்யாது. எவ்வளவு கோடீன் கொடுத்தாலும் அவர்களுக்கு வலி குறையாது.

குழந்தைகளுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

டான்சில் வீங்கிய பல குழந்தைகளுக்குத் தூக்கத்தில் ஏற்கெனவே மூச்சு தடைபடும். அதோடு மார்ஃபினும் சேர்ந்தால் நிலைமை மோசமாகிடும். கோடீன் எடுக்கும் அம்மாவின் தாய்ப்பால் வழியாகவும் மார்ஃபின் குழந்தைக்குப் போகும்.

டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமே?

மரபணு பரிசோதனை இருக்கு. ஆனால், ஒவ்வொரு முறை மருந்து எழுதும்முன் அதை எடுப்பது வழக்கத்தில் இல்லை. பாதிப்பு யாருக்கு வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற மாற்று மருந்துகளும் இருக்கு. அதனால்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்தே தடை.

நம்ம வீட்டில் என்ன கவனிக்கணும்?

இந்தியாவில் சில இருமல் சிரப்களில் கோடீன் இருக்கு. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது.

* சிரப் லேபிளில் கோடீன் இருக்கான்னு பாருங்க.
* அண்ணனுக்கு எழுதிய மருந்தைத் தங்கைக்குக் கொடுக்காதீங்க. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கும் மரபணு வேறுபடும்.
* மருந்து கொடுத்தபின் எழுப்ப முடியாத தூக்கம், மெதுவான மூச்சு தெரிந்தால், 'தூங்கட்டும்' என்று விடாமல் உடனே 108-ஐ அழையுங்க.