பரமக்குடி ரத்தம் கேட்கும் கேள்வி

விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு, குமுளி வழியே ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள் நம் பெண்கள். ஒருவர் மடிமேல் ஒருவராக நெருக்கியடித்துப் போகிறார்கள். ஜீப்பில் ஜாதி இல்லை. பொழுது சாய்ந்து ஊர் எல்லையில் இறங்கியதும் தெரு பிரிகிறது, ஜாதி முளைக்கிறது. சங்கத்தில் தோழர், தெருவில் ஜாதிக்காரர்! இந்த இரட்டை வாழ்வைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். 1924ல் ராமநாதபுரம் சீமையில் செல்லூரில் பிறந்தவர் அவர். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் சிறை சென்றார். பிறகு பட்டாளத்தில் சேர்ந்தார். வெள்ளையன் போனான், தீண்டாமை போகவில்லை. ஊர் திரும்பி, தாழ்த்தப்பட்ட மக்களைத் திரட்டினார். அவர் காங்கிரஸ்காரர், நம் கட்சிக்காரரல்ல. அதனாலென்ன? குனிந்த முதுகை நிமிர்த்த முனைந்தவர் எவராயினும் உழைப்பாளி மக்களுக்குச் சொந்தம்.

1957 செப்டம்பர் 10ல் முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய சமாதான மாநாட்டில், மற்றத் தலைவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து தம் மக்களுக்காகப் பேசினார். மறுநாள் இரவே பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 32. செப்டம்பர் 14ல் கீழத்தூவலில் போலீஸார் சுட்டு மறவர் ஐவர் மாண்டனர். ஒடுக்கியவனையும் ஒடுக்கப்பட்டவனையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் கலவரத்தில் வெந்தது ஏழைக் குடிசைதான். பங்களா எதுவும் வேகவில்லை.

நம் பள்ளத்தாக்கும் இதை அறியும். 1989ல் போடி வட்டாரத்தில் ஜாதிக் கலவரம் மூண்டது. அதே 1989 செப்டம்பர் 11ந் தேதியிட்டே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. சுடுகாட்டுப் பாதையிலும் டீக்கடைப் பெஞ்சிலும் அதை நடத்திக்காட்ட ஆள் வேண்டும்.

"முதலில் கூலி, ஜாதியைப் பிறகு பார்ப்போம்" என்கிறார்கள் சில தோழர்கள். இது தவறு. நடவுக் கூலி உயர்வு கேட்டு ஒரு தெரு வேலைக்கு இறங்க மறுத்தால், நிலக்காரர் என்ன செய்கிறார்? மறு தெருவுக்கு ஆளனுப்புகிறார். மில்லிலும் இதே தந்திரம்தான். நம் ஜாதிப் பிரிவினைதான் முதலாளியின் சேமிப்பு. ஜாதியைத் தொடாமல் கூலி உயராது.

ஆகவே நம் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். தாழ்த்தப்பட்டவரின் தெருவில் கொடுமை நடந்தால், அங்கே முதலில் போய் நிற்க வேண்டியவர் மறு தெருவிலுள்ள நம் தோழர். சொந்த ஜாதிக்காரன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தை அந்தத் தெருவிலேயே போடுங்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

2010ல் சர்க்கார் இம்மானுவேலுக்குத் தபால் தலை வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் அத்தோடு நம் கடன் தீரவில்லை. ஜீப்பில் இருக்கும் ஒற்றுமை தெருவுக்குள்ளும் நுழையும் நாளில்தான் அது தீரும்.