சங்கத்தின் வாசல் பெரிதாகட்டும்!

சங்கம் தொடங்குவது எளிது. ஏழு பேர் சேர்ந்தால் போதும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துவிடலாம். பெயர்ப் பலகை மாட்டலாம். ரசீதுப் புத்தகம் அச்சடிக்கலாம். திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் வைக்கலாம்.

ஆனால் பத்து ஆண்டு கழித்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் என்ன தெரிகிறது?

பலகையில் எழுத்து மங்கிவிட்டது. கதவில் பூட்டுத் தொங்குகிறது. தலைவர் அதே தலைவர். காரியதரிசி அதே காரியதரிசி. "சந்தா கட்டி என்ன கண்டோம்?" என்று அங்கத்தினர்கள் முணுமுணுக்கிறார்கள். தொழிலுக்குப் புதிதாக வந்த இளைஞர்கள் சங்கம் இருக்கும் தெருப் பக்கமே வருவதில்லை.

தையற்காரர் சங்கமாக இருக்கலாம். கொத்தனார் சங்கமாக இருக்கலாம். நாடக நடிகர் சங்கமாக, புகைப்படக்காரர் சங்கமாக, வக்கீல் சங்கமாகக் கூட இருக்கலாம். இந்த நோய் எல்லாச் சங்கத்துக்கும் வரும்.

இது சின்ன விஷயம் அல்ல. சாரத்திலிருந்து ஒரு கொத்தனார் தவறி விழுந்துவிட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். நல வாரியத்தில் அவர் பெயரைப் பதிய வைத்திருக்க வேண்டியது யார்? அந்தக் குடும்பத்துக்காக விண்ணப்பம் எழுதி, அலுவலகப் படி ஏறி இறங்க வேண்டியது யார்? சங்கம் உயிரோடு இருந்தால் அது ஓடி வரும். சங்கம் செத்திருந்தால் அந்தத் தாயும் பிள்ளைகளும் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

ஆகவே, நோய் கண்ட சங்கத்துக்கு மருந்து தேட வேண்டும். அந்த மருந்து புதுக்கோட்டைச் சீமையில் கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது!

மலையில் கிடைக்கும் பாடம்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோ மீட்டரில் இருக்கிறது சித்தன்னவாசல். அங்கே சமணர்கள் மலையைக் குடைந்து அமைத்த அறிவர் கோயில் உண்டு. தாமரைக் குளமும், நடன மாதரும் வரைந்த ஓவியங்களால் அது உலகப் புகழ் பெற்றது.

அந்தக் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தது. இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அந்தக் கோயிலைப் புதுப்பித்த செய்தியை அது சொல்கிறது.

அவர் செய்தது என்ன? பழைய கோயிலை இடித்துத் தள்ளவில்லை. "பழசு அப்படியே கிடக்கட்டும்" என்று விட்டுவிடவும் இல்லை. உள் மண்டபத்தைச் செப்பனிட்டார். அதற்கு முன்னால் புதிதாக ஒரு முகமண்டபம் எழுப்பினார்.

உள்ளே இருப்பதைக் காப்பாற்று, வாசலைப் பெரிதாக்கு. இதுதான் புதுப்பிக்கும் முறை.

சங்கத் தலைவர்கள் பல பேர் இதற்கு நேர்மாறாக நடக்கிறார்கள். சிலர் பதவிக்கு வந்ததும் பழைய நிர்வாகம் செய்த எல்லாவற்றையும் அழிக்கிறார்கள். சிலர் ஒரு செங்கல்லைக் கூட மாற்றமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டும் தவறு.

கடல் தாண்டிய சங்கம்

இளங்கௌதமன் மண்டபம் கட்டிய அதே 9-ஆம் நூற்றாண்டில், தமிழ் வணிகர்களின் சங்கங்கள் கடல் கடந்து வளர்ந்து கொண்டிருந்தன. அவற்றின் அடையாளம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இருக்கிறது.

கொடும்பாளூர் இந்த மாவட்டத்து ஊர். திருச்சியிலிருந்து மதுரை செல்லும் பழைய பெருவழியில் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போன வழியிலும் இந்த ஊர் வருகிறது. இங்கே 'மணிக்கிராமம்' என்ற வணிகர் சங்கம் இருந்தது. திருமயம் பக்கத்தில் முனிசந்தையில் உள்ள பழங்கல்வெட்டிலோ 'ஐந்நூற்றுவர்' என்ற இன்னொரு பெரிய வணிகர் சங்கத்தின் பெயர் வருகிறது.

ஐந்நூற்றுவர் சங்கத்தின் மூல ஊர் கர்நாடகத்தில் உள்ள ஐஹொளே. தமிழில் அதை ஐயப்பொழில் என்பார்கள். அங்கே தொடங்கிய சங்கம், வறண்ட பூமியான புதுக்கோட்டைச் சீமைக்கும் வந்து வேர் விட்டது. பிறகு இலங்கைக்குப் போனது. கடல் தாண்டிச் சுமத்ராவுக்கும் போனது.

அந்தக் காலத்தில் தந்தி இல்லை. தொலைபேசி இல்லை. ரயில் இல்லை. மாட்டுப் பொதியும் பாய்மரக் கப்பலும்தான். அப்படியிருந்தும் பல நூறு ஆண்டு ஒரு சங்கம் நிலைத்தது என்றால், அதற்குக் காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

முதல் காரணம்: ஒளிவு மறைவு இல்லாத சந்தா

1088-ஆம் ஆண்டு. சுமத்ரா தீவில் பாருஸ் என்னும் துறைமுகம். அங்கே ஐந்நூற்றுவர் தமிழில் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். கப்பலில் வருபவர்கள் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தை அதில் சொன்னார்கள். கப்பல் தலைவனும் கட்ட வேண்டும். அவனோடு வருபவர்களும் கட்ட வேண்டும். கஸ்தூரியின் விலையைக் கணக்கிட்டுப் பொன்னாகக் கட்ட வேண்டும்.

பெரிய மனிதருக்குச் சலுகை இல்லை. சின்னவருக்கு விலக்கு இல்லை. விதி எல்லாருக்கும் தெரியும்படி கல்லில் நின்றது.

சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பல ஊர் வணிகர்கள் கூடி, கோயிலுக்காகத் தங்கள் சரக்கின் மீது தாங்களே மகமை விதித்துக் கொண்ட செய்தி அதில் இருக்கிறது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, சுக்கு, வெங்காயம், சீரகம், பஞ்சு, நூல், இரும்பு, சந்தனம் என்று பட்டியல் நீளுகிறது. குதிரையும் யானையும் கூட அதில் உண்டு!

உப்பு விற்றவனும் கொடுத்தான். யானை விற்றவனும் கொடுத்தான். எதற்குக் கொடுக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியும்.

இன்றைய சங்கங்களில் சந்தா ஏன் வசூலாகவில்லை? அங்கத்தினர்கள் கஞ்சர்கள் என்று தலைவர்கள் சொல்கிறார்கள். அது உண்மை அல்ல. கோயில் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறவர்கள்தான் அவர்கள். கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறவர்கள்தான் அவர்கள். கொடுத்த பணம் எங்கே போயிற்று என்பது தெரியாத இடத்தில்தான் கை சுருங்குகிறது. வரவு செலவுக் கணக்கு காரியதரிசியின் பெட்டிக்குள் இருந்தால் சந்தா வராது. அதை எழுதிச் சுவரில் ஒட்டினால் சந்தா தானாக வரும்.

இரண்டாம் காரணம்: பொது நன்மை

வணிகர் சங்கம் பணம் சேர்த்ததோடு நிற்கவில்லை. முனிசந்தையில் ஓர் ஏரிக்கே ஐந்நூற்றுவர் பெயர் இருந்தது. தாய்லாந்தில் தகுவாபா என்னும் இடத்தில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றிப் பேசுகிறது. அதன் பெயர் அவனிநாரணம். அந்தக் குளத்துக்குக் காவல் யார்? மணிக்கிராமத்தார்!

வணிகனுக்குக் குளம் எதற்கு? போகிற இடத்தில் தண்ணீர் வேண்டும். ஊராரின் நல்லெண்ணமும் வேண்டும். ஊருக்கு உதவாத சங்கத்தை ஊர் மதிக்காது. இந்த உண்மை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மின்தொழிலாளர் சங்கம் ஆண்டுக்கு ஒரு நாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய கம்பிகளைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். வக்கீல் சங்கம் மாதம் ஒரு நாள் ஏழைகளுக்கு இலவச ஆலோசனை சொல்லலாம். தையற்காரர் சங்கம் ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாம். செலவு கொஞ்சம். சங்கத்துக்கு வரும் மதிப்போ பெரிது.

மூன்றாம் காரணம்: வாசலைத் திறந்து வைத்தார்கள்

ஐந்நூற்றுவர் வளர்ந்ததற்கு இதுதான் பெரிய காரணம். 11-ஆம் நூற்றாண்டு முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை உள்ள கல்வெட்டுகளைப் பார்த்தால், மணிக்கிராமத்தார், நானாதேசிகள், வளஞ்சியர், அஞ்சுவண்ணத்தார் என்று பல சங்கங்கள் ஐந்நூற்றுவரோடு சேர்ந்து நிற்கின்றன. சேர்ந்த பிறகும் அவரவர் பெயர் அவரவருக்கு இருந்தது. "என் பலகையைக் கழற்றிவிட்டு வா" என்று யாரும் சொல்லவில்லை.

அஞ்சுவண்ணத்தார் யார்? மேற்கு ஆசியாவிலிருந்து வந்த வணிகர்கள். கேரளத்தில் கொல்லத்தில் 849-ஆம் ஆண்டு எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், ஒரு கிறிஸ்தவக் கோயிலின் உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்துக்கும் மணிக்கிராமத்துக்கும் கொடுக்கப்பட்டது. அதில் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன. மொழி வேறு, மதம் வேறு. ஆனாலும் தொழில் அவர்களைச் சேர்த்து வைத்தது.

பர்மாவின் பழைய தலைநகர் பகானில் 13-ஆம் நூற்றாண்டில் ஒரு விஷ்ணு கோயிலுக்கு 'நானாதேசி விண்ணகர்' என்று பெயர். நானாதேசி என்றால் பல தேசத்தவர். பெயரிலேயே வாசல் திறந்திருக்கிறது!

இன்று ஒரே ஊரில் ஒரே தொழிலுக்கு நான்கு சங்கங்கள். நான்குக்கும் தலைவர் உண்டு, அங்கத்தினர்தான் இல்லை. அவை ஒரு கூட்டமைப்பாகச் சேரலாம். பெயரை விட வேண்டாம். பகையை விட்டால் போதும்.

பெண்களுக்கும் இடம் வேண்டும்

பழைய வணிகர் சங்கத்திலிருந்து அப்படியே எடுத்துக் கொள்ளக் கூடாத விஷயமும் உண்டு. அது பெரும்பாலும் ஆண்களின் சங்கம். இன்றைய சங்கம் அப்படி இருக்க முடியாது.

இதற்கும் புதுக்கோட்டையே வழி காட்டியிருக்கிறது. 1991-ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் வேகமாகப் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். கூலிக்குக் கல் உடைத்துக் கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து, கல் குவாரிகளையே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். நேற்று வரை கைநாட்டு வைத்தவர்கள், கணக்கு எழுதினார்கள்!

பிறகு பல குவாரிகள் அவர்கள் கையை விட்டுப் போயின. பழைய குத்தகைக்காரர்களின் செல்வாக்கு அவ்வளவு பெரிது. ஆனாலும் பெண்களால் முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. வென்றதைக் காப்பாற்ற, வெளி ஆதரவு குறைந்த பிறகும் தளராத சங்கம் வேண்டும் என்ற பாடமும் கிடைத்தது.

அடுத்த தலைவர் யார்?

14-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஐந்நூற்றுவர் பெயர் தமிழ்க் கல்வெட்டுகளில் அருகிப் போகிறது. எவ்வளவு பெரிய சங்கமும் என்றென்றும் தானாக நிற்காது. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆகவே, நல்ல தலைவருக்கு அடையாளம் அவர் எத்தனை ஆண்டு பதவியில் இருந்தார் என்பது அல்ல. எத்தனை பேரைத் தலைவராகத் தயார் செய்தார் என்பதே. முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிர்வாகக் குழுவில் இடம் வேண்டும். ஒருவரே இரண்டு முறைக்கு மேல் தலைவராகக் கூடாது என்று விதி வேண்டும். விலகிய தலைவருக்கு மரியாதை வேண்டும். ஆனால் சாவி வேண்டாம்!

"கைபேசியில் குழு வைத்திருக்கிறோம். சங்கம் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கலாம். கைபேசிக் குழு செய்தி சொல்லும். வாழ்த்துப் படம் அனுப்பும். ஆனால் கூலி கிடைக்காதவனுக்காக அது கையெழுத்துப் போடுமா? முதலாளியோடு உட்கார்ந்து பேசுமா? இறந்தவரின் குடும்பத்துக்கு நிதி சேர்த்துக் கணக்குக் காட்டுமா? கைபேசியைச் சங்கத்தின் மணியாக வைத்துக் கொள்ளலாம். மணி மட்டும் கோயில் ஆகாது.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு அங்கத்தினரும் மூன்று கேள்வி கேட்கட்டும். கணக்கு எங்கே? புது அங்கத்தினர்கள் எத்தனை பேர்? அடுத்த தலைவராகத் தயாராகிறவர் யார்?

இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லும் தலைவரை மாலை போட்டு வைத்துக் கொள்ளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு ஒரு மாலை போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்!