மருமகனின் வண்டியும் என் கையெழுத்தும்

போன வாரம் தங்கை மகன் வந்திருந்தான். "மாமா, புதுசா ஒரு பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன். லோனுக்கு நீங்க ஜாமீன் கையெழுத்துப் போடணும்" என்றான். "எந்த எஞ்சின் உழைக்கும்னு நீங்களே சொல்லிடுங்க" என்று வேறு சேர்த்துக்கொண்டான். எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. காரணம், போன வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

எஞ்சின் பற்றி ஒரு குமாஸ்தாவுக்கு என்ன தெரியும் என்பீர்கள். எண்பதுகளில் எங்கள் ஆபீஸ் ஜீப்பின் லாக் புக் என் மேஜையில்தான் இருந்தது. மகிந்திரா ஜீப். பிரான்சின் பெழோ கம்பெனி உரிமத்தில் இங்கேயே செய்த டீசல் எஞ்சின். டிரைவர் அதைப் 'பியூகாட்' என்பார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த திமிரில் நான் 'பெழோ' என்று திருத்துவேன். "பேரு எதுவா இருந்தா என்ன சார், காலையில ஸ்டார்ட் ஆகுதில்ல" என்பார் அவர். உண்மைதான். காரைக்கால் வரை போய்த் திரும்பும், ஒரு குறையும் சொல்லாது. புகை விடும், சத்தம் போடும், ஆனால் வழியில் நிற்காது. பழுதானாலும் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

அந்த ஞாபகத்தில்தான் 2021-ல் மருமகனிடம், "டீசல்தான்டா ஆயுசு கெட்டி" என்று அடித்துச் சொன்னேன். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தையும் எடுத்துக் கொடுத்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், தப்பு அவர்கள் மேல் இல்லை.

அவன் தொழில் மீன். விடியற்காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டி ஏற்றிப் போவான். சில கிலோமீட்டர்தான். இறக்கிவிட்டுத் திரும்புவான், மறுபடி ஏற்றுவான். எஞ்சின் சூடேறுவதற்குள் அணைந்துவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். காந்தி வீதி நெரிசலில் அது நடக்குமா? விளக்கு எரிந்தது, இவன் கவனிக்கவில்லை. எரிப்பு பாதியில் நின்று நின்று, டீசல் எஞ்சின் ஆயிலில் போய்க் கலந்தது. ஒருநாள் மீனோடு நடுரோட்டில் வண்டி இழுக்க மறுத்துவிட்டது. ஐஸ் உருகியது, மீன் போனது. ஒர்க்‌ஷாப் பில்லைப் பார்த்துத் தங்கை தாலிக்கொடியை அடகு வைத்தாள். அதை இன்றுவரை என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆகவே இப்போது என் அபிப்பிராயம் வேறு. நல்ல எஞ்சின் எது என்று தனியாகக் கேட்பதே பிசகு. திண்டிவனம் தாண்டிக் கோயம்பேட்டுக்கு டன் கணக்கில் காய்கறி ஏற்றுகிறவனுக்கு டீசல் சரி. அவனுக்கு இழுவை வேண்டும், வடிகட்டிக்கும் நீண்ட ஓட்டம் கிடைக்கும். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவனுக்குப் பெட்ரோல் போதும். லிட்டருக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் குறையும், அந்த நஷ்டம் தெரிந்த நஷ்டம். 2005-ல் குட்டி யானை வந்தபோது இரண்டு சிலிண்டர், பதினாறு குதிரைத்திறன் என்று சிரித்தோம். முக்கால் டன்னுக்கு மேல் ஏற்றாதவர்களுக்கு அது சோறு போட்டது. ஒன்றரை டன் ஏற்றியவர்கள்தான் எஞ்சினைத் திட்டினார்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. காலையில் சொல்லாமல் போய் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்துவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பி நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விலை பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். பெயின்ட் பளபளப்பை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மருமகனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். "ஒரு மாசம் வாடகை வண்டியிலேயே ஓட்டு. எத்தனை நடை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை கிலோ ஏத்தினே, எத்தனை தடவை அணைச்சே, தினமும் எழுது. அதைக் கொண்டா, கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றேன்.

"ஆபீஸ் புத்தி போகல மாமா உங்களுக்கு" என்றான். ஆனாலும் நோட்டை எடுத்துக்கொண்டுதான் போனான். நேற்று தங்கை போன் செய்தாள். நான்கு பக்கம் எழுதியிருக்கிறானாம்.